நூற்றைம்பது அடிக்கு ஒரு ஹெல்மெட்

போன வாரம் ரேவதி போன் செய்தாள். நான் ரிட்டயர் ஆன பிறகு என் இடத்துக்கு வந்தவள். கம்பெனி கேட்டில் கேமரா வைக்கிறார்களாம். பைக்கில் வருகிறவன் தலையில் ஹெல்மெட் இருக்கிறதா என்று அதுவே பார்த்து, அதுவே எண்ணி, அதுவே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுமாம். "இனிமே கேட்ல ஆளே நிக்க வேணாம் மேடம்" என்றாள். அதைச் சந்தோஷமாகச் சொன்னாளா வருத்தமாகச் சொன்னாளா என்று தெரியவில்லை. அந்த வேலையை நான் பல வருடம் நின்றுகொண்டே செய்தேன். என் முழங்கால்களைக் கேட்டால் கேமரா வைத்தது சரிதான் என்று சொல்லும்.

இன்னொரு விஷயமும் இருந்தது. பாதுகாப்பு வாரத்துக்குச் சிறப்பு மலர் போடுகிறார்கள். பழைய ஆட்கள் தங்கள் அனுபவத்தை எழுதித் தர வேண்டும். "ரெண்டு பக்கம் போதும் மேடம். கடைசில நல்லதா முடிச்சிடுங்க" என்றாள். இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. முடிவு நல்லதா என்பதைப் படிக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

என் பெயர் பிலோமினா. ஊர் மண்ணூர். வல்லம் வடகாலில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்தேன். காருக்குள் எங்கேயோ ஒளிந்திருக்கும் ஒரு ரப்பர் வளையத்தை அங்கே லட்சக்கணக்கில் செய்கிறார்கள். அது காரில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பதினோரு வருடத்தில் ஒருவரும் எனக்குக் காட்டவில்லை. முதலில் பெண்களின் பையைச் சோதிக்கும் செக்யூரிட்டியாகச் சேர்ந்தேன். ஆறே மாதத்தில் சேஃப்டி டிபார்ட்மெண்டுக்கு மாற்றினார்கள். பயிற்சி மூன்று நாள். முதல் நாள் கால் இல்லாத ஒரு ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கினேன். இரண்டாம் நாள் தகர டப்பாவில் எரிந்த தீயை அணைத்தேன். மூன்றாம் நாள் விசில் கொடுத்தார்கள், சாப்பாட்டில் வடை போட்டார்கள். அதோடு நான் சேஃப்டி அசிஸ்டென்ட்.

எங்கள் சேஃப்டி மேனேஜர் பெயர் வரதராஜன். குள்ளமாக இருப்பார், முழுக்கைச் சட்டை, காதில் ஒரு பென்சில். யாரையும் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு. எதைப் போய்ச் சொன்னாலும் அதைத்தான் கேட்பார்: "நீங்க பாத்தீங்களா, யாராவது சொன்னாங்களா?" யாராவது சொன்னார்கள் என்றால், பென்சிலை எடுக்கவே மாட்டார். போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுவார். ஒருமுறை ஸ்டோரில் பாம்பு என்று ஓடிப்போய்ச் சொன்னேன். அதே கேள்வி. போய்ப் பார்த்தேன், பழைய ஃபேன் பெல்ட். அடுத்த மாதம் மறுபடியும் பாம்பு என்றார்கள். ஃபேன் பெல்ட்தானே என்று நானே பார்க்கப் போனேன். அது பாம்பு. அதையும் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் அவர் எழுதினார்.

ஹெல்மெட் இல்லாமல் கேட்டுக்குள் வண்டி வரக் கூடாது என்ற விதியை அவர்தான் கொண்டுவந்தார். ஹெல்மெட் இல்லாதவன் வண்டியை வெளியே விட்டுவிட்டு நடந்து வர வேண்டும். நடந்தால் அட்டெண்டன்ஸ் பஞ்ச் லேட். லேட் என்றால் அரை நாள் போச்சு. எங்கள் பிள்ளைகளுக்கு உயிர்ப் பயத்தைவிட லேட் பஞ்ச் பயம் அதிகம். அதனால் விதி உடனே வேலை செய்தது.

கேட்டில் நடப்பது இதுதான். ஏ ஷிப்ட் ஆறு மணிக்கு. ஐந்தரையிலிருந்து பைக்குகள் வரும். தரையில் ஒரு மஞ்சள் கோடு. அதில் முன் சக்கரம் நிற்க வேண்டும். தலையில் ஹெல்மெட் இருந்தால் மட்டும் போதாது, தாடைக்குக் கீழே பட்டையை மாட்டியிருக்க வேண்டும். மாட்டாத ஹெல்மெட் தொப்பி மாதிரி, விழும்போது அது ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவான். ஆனால் முந்நூறு தாடைகளைக் குனிந்து பார்க்க என் இடுப்பு இடம் கொடுக்கவில்லை. அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கோட்டில் நின்று தாடையைத் தூக்கி, என் காதில் விழும்படி பட்டையை மாட்ட வேண்டும். 'டிக்' என்று சத்தம் வர வேண்டும். வந்தால் "ம், போ" என்பேன். பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கும் இதே சட்டம். அதாவது எல்லோரும் கோடு வரைக்கும் பட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டே வந்து, என் காதுக்காக மாட்டினார்கள். இது எனக்கு உறைக்க ரொம்ப நாள் ஆனது.

ரிஜிஸ்டரில் மூன்று கட்டம். வண்டியில் வந்த ஆள் எத்தனை, ஹெல்மெட் எத்தனை, வித்தியாசம் எத்தனை. மூன்றாவது மாதத்திலிருந்து வித்தியாசம் பூஜ்யம். தினமும் பூஜ்யம். கேட்டில் போர்டு வைத்தார்கள்: இன்று நூறு சதவீதம். வெளியூர் ஆபீஸிலிருந்து பெரியவர்கள் வந்து போர்டோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசு கொடுத்தார்கள். பத்து நிமிடம் வேகமாக ஓடும் கடிகாரம்.

இனி மழை நாளுக்கு வருகிறேன்.

ஐப்பசி மழை, விடியும்போதே கொட்டுகிறது. கேட் கூரைக்கு அடியில் நான் நிற்கிறேன். பையன்கள் கோட்டில் வந்து நின்று தாடையைத் தூக்குகிறார்கள். டிக், டிக் என்று போய்க்கொண்டிருக்கிறது. இருபது வண்டி போன பிறகுதான் கவனித்தேன். சட்டை உடம்போடு ஒட்டியிருக்கிறது, பேண்ட்டிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது. ஹெல்மெட்டில் மட்டும் நாலு சொட்டுக்கு மேல் ஈரம் இல்லை. ஒருத்தனை நிறுத்திக் கழற்றச் சொன்னேன். காய்ந்த ஹெல்மெட்டுக்குள்ளே தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"இன்னாடா இது?"

"மழ மேடம்" என்றான். அதில் பொய் இல்லை.

ஷிப்ட் ஏறிய பிறகு குடையை எடுத்துக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனேன். கேட்டிலிருந்து நூற்றைம்பது அடியில் ஷெரீப் பாய் டீக்கடை. கடைக்குப் பின்னால் புதிதாக ஒரு தகரக் கொட்டகை. உள்ளே வரிசையாகப் பலகை, பலகையெல்லாம் ஆணி. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும்போது ஹெல்மெட்டை ஆணியில் மாட்டிவிட்டு வெறும் தலையோடு போவார்கள். மறுநாள் பதினைந்து கிலோமீட்டர் வெறும் தலையோடு வந்து, இங்கே எடுத்து மாட்டிக்கொண்டு, நூற்றைம்பது அடி வந்து என்னிடம் தாடையைக் காட்டுவார்கள்.

"இன்னா மேடம் அப்டி பாக்குற? நான் இன்னா தப்பு பண்ணேன்? புள்ளைங்க வெச்சிட்டுப் போவுது, நான் பத்திரமா பாத்துக்கினு கீறேன். வெயில்ல காய வெக்கிறேன், தொடச்சி வெக்கிறேன். ஒண்ணு காணாம போயிருக்குதா கேளு" என்றார் பாய். டீ போட்டுக் கொடுத்தார். நல்ல டீ.

பையன்களிடம் தனித்தனியாகக் கேட்டேன். ரூமில் எட்டுப் பேர், ஹெல்மெட் வைத்தால் காணாமல் போகிறது. வேர்க்கிறது. முடி கொட்டுகிறது, இதைச் சொன்னவனுக்குக் கொட்டுவதற்கு அதிகம் மிச்சமில்லை. ஒருத்தன் மட்டும் உண்மையைச் சொன்னான்: "கேட்டுக்குத்தான மேடம் ஹெல்மெட்டு?"

அன்றைக்கே வரதராஜன் சாரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் போர்டு போகும், பூஜ்யம் போகும், கடிகாரம் கொடுத்த கை என்ன நினைக்கும் என்று தோன்றியது. விதி என்ன சொல்கிறது, கேட்டில் ஹெல்மெட் இருக்க வேண்டும் என்றுதானே? இருக்கிறதே. இப்படி எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஆணியில் ஹெல்மெட்டுகள் மாறிக்கொண்டே இருந்தன. பெரிய தலைக்காரன் சின்ன ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பான். பட்டை எட்டாது, டிக் வராது. பின்னால் வரிசை ரோடு வரைக்கும் நீளும், ட்ரெய்லர் லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். இதைச் சரி பண்ண வேண்டும் என்று எனக்குப் பட்டது. ஸ்டோரிலிருந்து மஞ்சள் பெயிண்டும் பிரஷும் வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் கடைக்குப் போய், ஒவ்வொரு ஆணிக்கு மேலேயும் நம்பர் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். மறுநாளிலிருந்து வரிசை சீராக நகர்ந்தது. பதினோரு வருடத்தில் நான் செய்த வேலைகளில் இவ்வளவு ஒழுங்காக நடந்தது வேறு இல்லை.

சார் ஒருமுறை கேட்டார். கேட்டில் என் பக்கத்தில் நின்று ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டே, "வெளில ரோட்ல எப்படிம்மா? அங்கயும் போட்டிருக்காங்களா?" என்றார்.

"கேட்ல எல்லாரும் போட்டிருக்காங்க சார். நான் பாத்தேன்."

"ரோட்ல?"

"ரோடு நம்ம டியூட்டி இல்லியே சார்."

சார் ரிஜிஸ்டரை மூடினார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

இசக்கிமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்காசிப் பக்கம். இருபத்து நாலு வயது. மோல்டிங் லைனில் வேலை. மண்ணூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். அவனுக்கு நாற்பத்தாறாம் நம்பர் ஆணி. எல்லோரும் என்னை மேடம் என்றால் அவன் மட்டும் எக்கா என்பான். கோட்டில் வண்டியை நிறுத்தி, தாடையை வானத்துக்குத் தூக்கி, பட்டையை ஒருமுறைக்கு இரண்டு முறை மாட்டிக் காட்டுவான்.

"எக்கா, சத்தம் கேட்டுச்சா? இல்ல இன்னொரு தடவ போடட்டா?"

"கேட்டுச்சு, போடா."

சாயங்காலம் எங்கள் தெரு முனையில் பால் வாங்க நிற்பேன். அவன் வெறும் தலையோடு பைக்கில் போவான். "எக்கா!" என்று கையைத் தூக்குவான். நானும் கையைத் தூக்குவேன். அங்கே நான் மண்ணூர்க்காரி பிலோமினா, கையில் பால் தூக்கு, டியூட்டி முடிந்துவிட்டது.

அந்த மழை நாளுக்கு இரண்டு வருடம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. ஏ ஷிப்ட் மத்தியானம் இரண்டரைக்கு விட்டது. மூன்று மணிக்கு முன்னால் கேட் போன் அடித்தது. எங்கள் ஆள் ஒருத்தன் ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் விழுந்துவிட்டான் என்றார்கள். யாரோ சொன்னதுதான். கம்பெனி ஆம்புலன்ஸில் நானும் ஏறிப் போனேன்.

நடு ரோட்டுத் திட்டில் அரளிச் செடி வைத்திருக்கிறார்களே, அதற்குத் தண்ணீர் விடும் டேங்கர் லாரி வலது பக்கம் ஒட்டி மெல்லப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ரோடெல்லாம் தண்ணீர். இசக்கிமுத்து வந்த வேகத்தில் லாரியைப் பார்த்து பிரேக் பிடித்திருக்கிறான். வண்டி வழுக்கிவிட்டது. வண்டிக்கு ஒரு கண்ணாடி மட்டும் போயிருந்தது, இண்டிகேட்டர்கூட உடையவில்லை. அவன் தலை திட்டின் கல்லில் இடித்திருந்தது. காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. லாரி டிரைவர் கையில் தண்ணீர்க் குழாயோடு நின்று அழுதுகொண்டிருந்தார். குழாயை மூட வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, சுற்றி நின்ற யாருக்கும் தோன்றவில்லை.

ஆம்புலன்ஸில் இருந்த நர்ஸ் பையன், "மேடம், தலய ஆட்டாம ரெண்டு கையால தாடய தூக்கிப் புடிங்க. மூச்சு போவணும்" என்றான். ஆஸ்பத்திரி வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தேன். தினமும் அவனே தூக்கிக் காட்டும் தாடை.

திரும்பி வந்ததும் நேராக பாய் கடைக்குப் போனேன். நாற்பத்தாறாம் ஆணியில் ஹெல்மெட் தொங்கியது. பாய் துடைத்து வைத்திருந்தார். மேலே என் கையெழுத்து.

விபத்து நடந்த அன்றைக்கே படிவம் நிரப்ப வேண்டும். பெயர், ஷிப்ட், இடம், நேரம். ஒன்பதாவது கேள்வி: ஹெல்மெட் அணிந்திருந்தாரா? உண்டு, இல்லை. ரிஜிஸ்டரைத் திறந்து பார்த்தேன். அன்று காலையில் வித்தியாசம் பூஜ்யம். 'உண்டு' என்பதில் டிக் போட்டேன். கீழே போட்ட கையெழுத்து எப்போதும்போல நன்றாக இருந்தது. அதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வரதராஜன் சார் அன்று வெளியூர் பிளாண்டில் இருந்தார். ஹெச்.ஆர். அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு ஊருக்குப் போன் பண்ணி, ஹெல்மெட் போட்டிருந்தும் இப்படி ஆகிவிட்டது என்று அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள்.

தலையில் ஆபரேஷன் நடந்தது. இருக்கிறான், கண் திறக்கவில்லை என்பதுதான் தினசரிச் செய்தி. திங்கட்கிழமை அவன் அம்மா கம்பெனிக்கு வந்தார். லாக்கரில் இருக்கும் அவன் சாமானை வாங்கிக்கொள்ள வந்தார். அன்று காலையில்தான் வரதராஜன் சாரும் திரும்பியிருந்தார். கேட் பக்கத்து செக்யூரிட்டி ரூமில் அந்த அம்மாவை உட்கார வைத்தோம். ஒல்லியான உடம்பு, கையில் மஞ்சள் பை. சாப்பாட்டு டப்பா, சீப்பு, ஒரு செட் யூனிபார்ம், சாமி படம் ஒன்று. மேஜையில் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஷெரீப் பாய் உள்ளே வந்தார். கையில் நியூஸ்பேப்பர் சுற்றிய ஒரு உருண்டை.

"மேடம், இதுவும் அந்தப் புள்ளையோடதுதான். அம்மா வந்துகீறாங்கன்னு சொன்னாங்க. அதான் எடுத்துக்கினு வந்தேன்" என்று மேஜையில் வைத்துவிட்டு, அந்த அம்மாவைப் பார்த்து, "அல்லா குடுப்பாரும்மா, புள்ள எழுந்து வந்துடும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அவர் மனசில் துளி கள்ளம் இல்லை.

அம்மா பேப்பரைப் பிரித்தார். ஹெல்மெட்டை மடியில் வைத்துத் தடவினார். திருப்பினார். உள்ளே கையை விட்டுப் பார்த்தார். பட்டையை இழுத்துப் பார்த்தார்.

"யம்மா, இது ஒடயவே இல்லியே."

அந்த அம்மா ஹெல்மெட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார்.

"ஒரு கீறல்கூட காணும். இத மாட்டிட்டுத்தான் போனாம்னு போன்ல சொன்னாவ. மேல இருந்தது ஒடயாம உள்ள இருந்த மண்ட எப்படிம்மா ஒடஞ்சுது?"

சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். மூன்று நாளாக ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அந்த அம்மா யோசித்துக்கொண்டிருந்ததே இதைத்தான்: சரியாகத்தானே போனான், பிறகு எப்படி?

வரதராஜன் சார் என்னைப் பார்த்தார். அவருடைய அந்த ஒரே கேள்வியை வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால் எனக்குக் கேட்டது.

"அம்மா, அவன் போட்டிருக்கல" என்றேன். "அது கடைல ஆணில மாட்டியிருந்தது. தெனமும் அங்கதான் மாட்டிட்டுப் போவான். எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமா தெரியும். அந்த ஆணிக்கு நம்பர் எழுதினதே நான்தான்."

அந்த அம்மா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஜன்னல் வழியாக கேட்டைப் பார்த்தார், மஞ்சள் கோட்டைப் பார்த்தார், என் விசிலைப் பார்த்தார்.

"பொறவு எதுக்கும்மா நீங்க வாசல்ல நின்னீய?"

என் அப்பாயின்ட்மெண்ட் ஆர்டரில் இதற்குப் பதில் இருக்கிறது, இரண்டு வரியில். அதை அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அழுதேன். யூனிபார்மில் அழக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை.

அவர் போன பிறகு சார் படிவத்தை எடுத்து வைத்தார். "ஒம்பதாவது கேள்வி" என்றார். 'உண்டு' என்பதை அடித்தேன். 'இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, நேரம் போட்டேன். அதற்குக் கீழே அவர் பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை வாங்கி எழுதினார்: 'ரோட்டில் போய்ப் பார்க்க வேண்டியது என் பொறுப்பு. நான் பார்க்கவில்லை.' அவரும் கையெழுத்துப் போட்டார். எனக்கு ஒரு மெமோ வந்தது. அவருக்கும் ஒன்று வந்தது என்று பிறகு தெரிந்தது. போர்டைக் கழற்றினார்கள். கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், பரிசுப் பொருளைத் திரும்ப வாங்க வழியில்லை என்றார்கள். அது இன்னும் வீட்டில் ஓடுகிறது.

அடுத்த நாள் பாய் கடை ஆணிகளை நானே பிடுங்கினேன். "இவ்ளோ நாளு நல்லதுன்னுதான மேடம் பண்ணேன்" என்றார் பாய். "நானும் அப்டித்தான் பாய்" என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து பிடுங்கினோம். நம்பர்கள் மட்டும் பலகையில் அப்படியே நின்றன, சுண்ணாம்பு அடித்தும் தெரிந்தன.

அதன் பிறகு நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். சார் ஒரு மடக்கு ஸ்டூலை வாங்கி வந்தார். காலையில் கேட்டில் நிற்காமல், ஒரு கிலோமீட்டர் தள்ளி ரோட்டோரம் போய் உட்கார்ந்தோம். அவர் எண்ணுவார், நான் எழுதுவேன். முதல் நாள் வித்தியாசக் கட்டத்தில் எழுத இடம் போதவில்லை. ஒரே வாரத்தில் ஹெல்மெட் கொட்டகை இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பஞ்சர் கடைக்கு மாறியது. நாங்கள் ஸ்டூலை எடுத்துக்கொண்டு மூன்றாவது கிலோமீட்டருக்குப் போனோம். அவர்கள் ஒரு பிரியாணிக் கடைக்குப் போனார்கள். நாங்கள் ஸ்ரீபெரும்புதூர் திருப்பத்துக்குப் போனோம். அவர்கள் ஹைவேயில் தண்டலம் பக்கம் ஒரு ஜூஸ் கடையைப் பிடித்தார்கள். பட்டையும் அப்படித்தான். கோட்டில் டிக் காட்டுவதை நிறுத்தினேன். ஏற்கெனவே மாட்டிக்கொண்டு வருகிறவனைத்தான் உள்ளே விட வேண்டும் என்று செக்யூரிட்டியிடம் சொன்னேன். ஷிப்ட் விடும்போதும் கேட்டில் நின்றேன். சாயங்காலம் பால் வாங்கும்போதும் நின்றேன். வெறும் தலையோடு வருகிறவனைப் பால் தூக்கோடு மறித்து, ஊர் கேட்கத் திட்டினேன். மண்ணூரில் எனக்கு வேறு பெயர் வைத்தார்கள், அதை மலரில் எழுத முடியாது.

எட்டு மாதத்தில், ஹெல்மெட் வைக்கும் கடை அவர்கள் ரூமுக்கே பக்கத்தில் வந்துவிட்டது. அங்கே வைப்பதற்கு ரூமிலேயே வைக்கலாமே என்று அவர்களுக்கே தோன்றியிருக்க வேண்டும். நாங்கள் யாரையும் திருத்தவில்லை. துரத்திக்கொண்டே போனதில் அவர்களுக்கு இடம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் இசக்கிமுத்து வந்தான்.

பத்தொன்பதாம் நாள் கண் திறந்தான், பிறகு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். ஏதோ பேப்பரில் நேரில் கையெழுத்து வேண்டும் என்று அம்மாவோடு வந்திருந்தான். மத்தியானம், கேட்டில் கூட்டம் இல்லை. ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி நடந்து வந்தார்கள். இடது கால் கொஞ்சம் இழுத்தது. முடி வளர்ந்திருந்தது, நடுவில் ஒரு கோட்டில் மட்டும் வளரவில்லை. ஊரும் சின்ன வயசும் ஞாபகம் இருக்கிறது, இந்த ஊருக்கு வந்த பிறகு நடந்தது ஒன்றும் தங்கவில்லை என்று டாக்டர் சொன்னாராம். ரூமில் கூட இருந்த பையன்கள் பார்க்கப் போனபோது, யாரென்று கேட்டானாம்.

"மக்கா, இந்த அம்மாவத் தெரியுதா?" என்று அவன் அம்மா கேட்டார்.

என்னை நன்றாகப் பார்த்தான். மரியாதையாகத் தலையை ஆட்டினான். தெரியவில்லை.

உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். மஞ்சள் கோடு வந்தது. அந்தக் கோட்டில் டிக் காட்டுவதை யாரும் இப்போது செய்வதில்லை. அவன் கோட்டில் நின்றான். காலைச் சரியாகக் கோட்டின் மேல் வைத்தான். தாடையை வானத்துக்குத் தூக்கினான். இரண்டு கையும் கழுத்துக்குப் போய், ஒன்றும் இல்லாத இடத்தில் எதையோ மாட்டின. அப்படியே நின்றான்.

"என்னலே செய்யுத?" என்றார் அம்மா.

"தெரியலம்மா" என்றான், தாடையை இறக்காமல். "இங்க இப்படித்தான் நிக்கணும்."

நான் கிட்டே போனேன். பழைய வழக்கப்படி குனிந்து காதைக் கொடுத்தேன். அவன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"ம், போ" என்றேன்.

அவர்கள் போன பிறகு ரிஜிஸ்டரை எடுத்தேன். வண்டியில் வந்தவர் இல்லை, ஹெல்மெட் இல்லை. வித்தியாசம் என்ற கட்டத்தில், அவனுக்காக, ஒன்று என்று எழுதினேன். சாயங்காலம் வரதராஜன் சார் வந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். நீங்க பாத்தீங்களா என்று கேட்கவில்லை.